கலப்பை பறிக்கும் பள்ளம்

முழங்கால் ஆழத்துக்கு மேற்படாத நீண்ட பள்ளம் ஒன்று நிலத்தில் வேண்டும் என்ற நிலை விவசாயிக்கு அடிக்கடி நேர்கிறது. கரும்புக் கரணை ஊன்றுவதற்கும், கிணற்றடியிலிருந்து தென்னந்தோப்புக்குக் குழாய் கொண்டு போவதற்கும், ஐப்பசி மழையில் வயலில் தேங்கும் நீரை வடிப்பதற்கும், மானாவாரிச் சரிவில் ஓடிப்போகும் மழையை மறித்து நிறுத்துவதற்கும் வேண்டப்படுவது, நோக்கத்தில் வெவ்வேறாயினும் உருவத்தில் ஏறக்குறைய ஒன்றேதான்: ஓரடி அகலமும் முக்காலடி முதல் ஒன்றரையடி வரை ஆழமும் கொண்டு, நூறு முழமோ ஆயிரம் முழமோ நீண்டு செல்லும் ஒரு வெட்டு. மண்வெட்டி பிடித்து வெட்டினால் கூலி கட்டுபடியாவதில்லை, ஜே.சி.பி. யந்திரத்தை வரவழைத்தாலோ, பெரும்பாலும் அதில் மாட்டியிருக்கும் வாளி வேண்டிய அகலத்தைப் போல இரு மடங்கு வெட்டி, வாடகையையும் அதற்குத் தக்கபடி வாங்கிக்கொண்டு போகிறது. ஆகவே, களத்து மேட்டில் சும்மா நிற்கும் டிராக்டரையும் அதன் பின்னால் மாட்டும் கலப்பையையும் கொண்டே இந்த வேலையை முடித்துக்கொள்ளலாகாதா என்ற எண்ணம் எழுவது சகஜம். முடித்துக்கொள்ளலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கலப்பை மண்ணைப் புரட்ட வந்த சாதனம்; அள்ளிக்கொண்டு போக வந்ததன்று. வெளிவந்த மண் கரையிலேயே கிடக்கலாம், நாளை அதே பள்ளத்துக்குத் திரும்பவும் செய்யலாம் என்ற இடத்தில் அதற்கு நிகரான கருவி கிடையாது. பள்ளம் வருஷக்கணக்காகத் திறந்து நின்று, அடிமட்டம் ஒரே வாட்டத்தில் நீரைக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற இடத்தில் அது பாதி வேலைக்காரனே.

இதை ஆராயுமுன், கலப்பை என்ற ஒரே பெயருக்குள் அடங்கும் கருவிகளைப் பிரித்தறிந்துகொள்வது அவசியம். நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறி இருபுறமும் ஒதுக்குமேயன்றிப் புரட்டாது. அதன் சால் ஆப்பு வடிவமாய், நாலைந்து அங்குல ஆழத்தோடு நின்றுவிடும். டிராக்டரின் பின்னால் நம் கிராமங்களில் நித்தியமும் காணப்படும் ஒன்பது கொக்கிக் கலப்பையும் குணத்தில் அதன் வம்சந்தான். மண்ணைப் பொலபொலப்பாக்கும், பள்ளம் பறிக்காது. சட்டிக் கலப்பை, சாய்ந்து சுழலும் குழிந்த தட்டுகளால் மண்ணை வாரி எறிவது; கல்லும் வேரும் நிறைந்த பூமியில் உடையாமல் ஏறி இறங்கிப் போகும் சாமர்த்தியம் அதற்கு உண்டு என்றாலும், அது விட்டுச்செல்லும் பள்ளத்தின் அடி தட்டையாக இராமல் வளைந்திருக்கும். இறக்கைக் கலப்பையில் கொழு அடியை அரிய, அதன்மேல் வளைந்து நிற்கும் எஃகு இறக்கை அந்த மண்பாளத்தை வலப்புறமாகப் புரட்டிப் போட, இடப்புறத்தில் செங்குத்தான சுவரும் கீழே தட்டையான தளமும் எஞ்சும். இத்தகைய இறக்கைகள் இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்த்து வைத்ததே ரிட்ஜர் என்று வழங்கும் பார்க் கலப்பை. அது ஒரே ஓட்டத்தில் இருபுறமும் மண்ணை ஒதுக்கி, நடுவே பள்ளத்தையும் பக்கங்களில் பார்களையும் ஒருங்கே உண்டாக்குகிறது. உளிக் கலப்பையோ மண்ணைப் புரட்டாமல் ஒன்றரையடி வரை கிழிப்பதோடு சரி. எனினும் உழவுக்கு அடியில் கெட்டித்தட்டிக் கிடக்கும் நிலத்தில் மற்றக் கலப்பைகளுக்கு முன்னோடியாக அதை ஓட்டுவதில் மிகுந்த பிரயோஜனம் உண்டு.

புரட்டும் இறக்கைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பின்னர் அமெரிக்க ஜனாதிபதியாக விளங்கிய தாமஸ் ஜெஃபர்ஸன், மிகக் குறைந்த எதிர்ப்போடு மண்ணைத் தூக்கிப் புரட்டும் இறக்கையின் வளைவு எத்தகையதாயிருக்க வேண்டும் என்பதைக் கணித முறையில் ஆராய்ந்து, எந்தத் தச்சனும் செதுக்கிக்கொள்ளத்தக்க வழியை வகுத்தார். 1837-இல் இல்லினாய் மாகாணத்தின் கிராண்ட் டிடூர் என்ற ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஜான் டியர், பசைபோல் ஒட்டும் அப்பிரதேசத்துக் கரிய மண் வார்ப்பிரும்பில் அப்பிக்கொண்டு விவசாயிகளை நடுவழியில் நிறுத்தி நிறுத்தி வதைப்பதைக் கண்டு, மெருகேற்றிய எஃகால் கலப்பை செய்து கொடுத்தார். மண் தானாக வழுக்கிக்கொண்டு போயிற்று. இது பழங்கதையென்று தள்ளுவதற்கில்லை. மழைக்குப் பின் கோவில்பட்டிக் கரிசலில் இறக்கைக் கலப்பையை இறக்கியவர்கள் அந்த ஒட்டலை அறிவார்கள். துருவேறிய இறக்கையின்மேல் மண் அடையாக அப்பிக்கொண்ட பிறகு, கலப்பை பள்ளம் பறிப்பதற்குப் பதிலாக மண்ணைத் தள்ளிக்கொண்டு போகத் தொடங்குகிறது. வேலை முடிந்ததும் இறக்கையைத் துடைத்துக் கழிவெண்ணெய் பூசி வைப்பது அழகுக்காக அன்று.

எவ்வளவு ஆழம் பறிக்கலாம் என்பதற்கு மண்வெட்டிக்காரனின் பலம் அளவாவதுபோல், கலப்பைக்கு அதன் அகலமே அளவு. அரிந்தெடுத்த மண்பாளம் புரண்டு, முன்னதாகப் புரண்ட பாளத்தின்மேல் சாய்ந்து நிலைகொள்ள வேண்டுமானால், அதன் அகலம் ஆழத்தைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு இருத்தல் வேண்டும். அப்போதுதான் பாளம் 45 பாகைச் சாய்வில் அமரும். ஆழம் அதற்கு மேற்பட்டால் பாளம் நிமிர்ந்து நின்று, கலப்பை கடந்த மறுகணமே வந்த பள்ளத்துக்குள் மீண்டும் சரிந்துவிடும். ஆகவே 14 அங்குலக் கலப்பை ஒரே ஓட்டத்தில் சுமார் 10 அங்குல ஆழமும், 12 அங்குலக் கலப்பை எட்டு, எட்டரை அங்குல ஆழமுமே சுத்தமாகப் பறிக்கும். அதற்குமேல் வேண்டுவோர் அதே சாலில் எதிர்த்திசையில் திரும்பி ஓட்ட வேண்டும். போகும்போது கிழக்கே விழுந்த மண் வரும்போது மேற்கே விழும். இரண்டாம் ஓட்டம் இன்னும் சில அங்குலம் கொடுக்கும். மூன்றாவது ஓட்டத்தில் ஆசை வைப்பவர்கள் ஏமாறுவார்கள். ஒன்றரையடி ஆழத்தை நெருங்கியதும், கரையின் விளிம்பைத் தாண்டி மண்ணை வெளியே ஏற்றும் சக்தி இறக்கைக்கு இல்லாமற்போய், தூக்கிய மண்ணெல்லாம் உதிர்ந்து அடியிலேயே தங்கிவிடுகிறது. டீசல் எரிகிறது, பள்ளம் ஆழமாவதில்லை.

இழுப்பு விசையின் கணக்கும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. 35 செ.மீ. அகலமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள சாலின் குறுக்குப் பரப்பு 875 சதுர செ.மீ.; நடுத்தர மண்ணில் சதுர செ.மீ.க்கு அரைக் கிலோ எதிர்ப்பு என்று வைத்துக்கொண்டால், கலப்பையை இழுக்க ஏறக்குறைய 440 கிலோ விசை தேவை. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் இது ஆறரைக் குதிரைத்திறன்; கெட்டிக் களியில் எதிர்ப்பு 0.8 கிலோவாக ஏறினால் பத்தைத் தாண்டும். ஓரிணை நல்ல காளைகள் தம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை, அதாவது எழுபது எண்பது கிலோ விசையைத்தான் நாள் முழுதும் தாங்கி இழுக்கவல்லவை என்பதை நினைத்தால், நம் முன்னோர் சால் ஓட்டினார்களேயன்றிக் கலப்பையால் ஏன் பள்ளம் பறிக்கவில்லை என்பது விளங்கும். 35 குதிரைத்திறன் டிராக்டருக்கு இந்த விசை பெரிதன்று. அதன் சங்கடம் எஞ்சினில் இராமல் சக்கரத்தில் இருக்கிறது. பிடிமானம் இல்லாத மண்ணில் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றத் தொடங்கினால், எத்தனை குதிரைத்திறன் இருந்தும் அத்தனையும் அங்கேயே கரையும். டயருக்குள் நீர் நிரப்புவதும், சக்கரத்தில் இரும்பு வட்டைகள் மாட்டுவதும், ஈரம் காயும்வரை பொறுத்திருப்பதும் இதற்குத் தெரிந்த பரிகாரங்கள், பொறுத்திருப்பதற்குச் செலவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே அளவில் 100 மீட்டர் நீளப் பள்ளத்திலிருந்து வெளிவரும் மண் சுமார் 9 கன மீட்டர். சாதாரண மண்ணில் ஓர் ஆள் நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று கன மீட்டர் வெட்டுவதாகக் கொண்டால், மூன்று நான்கு ஆள் கூலி. டிராக்டருக்கோ அது இரண்டு நிமிஷத்துக்கும் குறைந்த ஓட்டம். இந்தப் பிரம்மாண்டமான வித்தியாசமே, கலப்பையின் குறைகளை அறிந்தவர்களையும் மீண்டும் மீண்டும் அதனிடமே கொண்டு வந்து நிறுத்துகிறது.

இனி, இவ்விஷயத்தில் அதிகம் கவனிக்கப்படாததும், என் மதிப்பில் மிக முக்கியமானதுமான ஓர் அம்சத்துக்கு வருகிறேன். இன்று பெரும்பாலான டிராக்டர்களின் பின்புறத்திலும் காணப்படும் மும்முனை இணைப்பும் ஹைட்ராலிக் தூக்கியும் வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குஸன் என்பவரின் மூளையில் உதித்தவை. அவருடைய காலத்துக்கு முன் டிராக்டர் கலப்பையை வண்டியை இழுப்பதுபோல் சங்கிலி கட்டி இழுத்தது. கொழு ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டினால், முன்சக்கரங்கள் எழும்பி, யந்திரம் ஓட்டுபவர்மேலேயே மல்லாந்து விழுந்த விபத்துகள் பல. ஃபெர்குஸன் கலப்பையையும் டிராக்டரையும் ஒரே உடலாகப் பிணைத்து, இழுப்பு விசை மிகும்போது மேலிணைப்புத் தண்டில் உண்டாகும் அழுத்தத்தை ஹைட்ராலிக் யந்திரமே உணர்ந்து கலப்பையைச் சற்று உயர்த்திக்கொள்ளும்படி செய்தார். 1926-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1938-இல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கலிலேயே முடிந்த ஒப்பந்தத்தின் பலனாக அடுத்த ஆண்டு ஃபோர்டு 9என் டிராக்டரும், 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் டி.இ.20 டிராக்டரும் இம்முறையோடு வெளிவந்தன. அந்த வம்சத்தின் மாஸே ஃபெர்குஸன் டிராக்டர்களைச் சென்னையில் டாஃபே நிறுவனம் 1960-களிலிருந்து செய்து வருகிறது.

உழவுக்கு இந்த ஏற்பாடு வரப்பிரசாதம். பள்ளத்துக்கோ இதுவே சத்துரு. மண் கெட்டியான இடத்தில் இழுப்பு மிகுகிறது; யந்திரம் கலப்பையை உயர்த்துகிறது; பள்ளத்தின் அடியில் ஒரு மேடு உண்டாகிறது. மண் இளகிய இடத்தில் கலப்பை இறங்கி ஒரு குழியை விடுகிறது. உழுத வயலில் இந்த ஏற்றத்தாழ்வு எவர் கண்ணிலும் படாது. பயிரும் அதைப் பொருட்படுத்தாது. தண்ணீர் ஓட வேண்டிய பள்ளத்தில் ஒவ்வொரு மேட்டின் பின்னாலும் ஒரு குட்டை நிற்கும். எனவே பள்ளம் பறிப்பவர்கள் இருக்கைக்கு அருகிலுள்ள இரண்டு லீவர்களில் இழுவையைக் கவனிக்கும் டிராஃப்ட் லீவரை விட்டுவிட்டு, கலப்பையை ஒரே உயரத்தில் பிடித்து வைக்கும் பொசிஷன் லீவரையே உபயோகிக்க வேண்டும். அப்போதும் பூரண திருப்தி இல்லை. முன்சக்கரம் ஒரு வரப்பின்மேல் ஏறினால் டிராக்டரின் பின்புறம் தாழ்ந்து கலப்பை ஆழமாக இறங்கும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கலப்பை எழும்பும். கலப்பையோடு ஆழச் சக்கரம் ஒன்றைப் பொருத்தினால் இது பெரிதும் அடங்குகிறது.

இருந்தாலும் கலப்பையின் சுபாவம் மாறுவதில்லை. தரைமட்டத்திலிருந்து ஒரே ஆழம் என்பதே அதற்குத் தெரிந்த ஒழுங்கு. ஒரே வாட்டம் என்பது அதற்குத் தெரியாது. மேல்தரை எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே பள்ளத்தின் அடியும் ஏறி இறங்கும். நிலத்தை முன்கூட்டியே சமன் செய்து, வேண்டிய வாட்டத்தையும் அதில் கொடுத்துவிட்டால், அந்த வாட்டமே அடியிலும் படியும். ஆகவே பள்ளத்தின் குணம் கலப்பை இறங்குவதற்கு முன்னே, பரம்படிப்பதிலும் லெவலர் பிளேடு ஓட்டுவதிலும் நிச்சயமாகிவிடுகிறது.

நம் நாட்டில் இக்கலை நன்றாகத் தேறியிருப்பது கரும்பில்தான். தோட்டக்கால் நிலத்தில் சட்டிக் கலப்பையும் கொக்கிக் கலப்பையும் ஓட்டிச் சமன் செய்தபின், முன்பு விக்டரி என்ற இரும்புக் கலப்பையாலும் இப்போது டிராக்டர் ரிட்ஜராலும் 20 செ.மீ. ஆழத்துக்குச் சால் பறித்து, அடியில் உரமிட்டுக் கொத்திவிட்டுக் கரணை ஊன்றுவது வழக்கம். நெல் அறுத்த நன்செய்க் களிமண்ணில் இன்றும் மண்வெட்டியே ராஜா. அங்கே பார் பிடிக்குமுன் 10 மீட்டருக்கு ஒன்றாக, 40 செ.மீ. ஆழமும் 30 செ.மீ. அகலமும் உள்ள வடிகால்களைக் கையாலேயே எடுக்கிறார்கள். அந்த அளவைப் பாருங்கள்: அகலத்தைவிட ஆழம் அதிகம். மேலே சொன்ன 1.4 கணக்குக்கு நேர்மாறான இந்த உருவத்தை எந்த இறக்கைக் கலப்பையும் பறிக்க முடியாது. இரண்டு முறைகளும் ஒரே பயிருக்காக அருகருகே நடப்பதால், கலப்பையின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டும் வயல் கரும்பு வயல்தான். முன்னே இரண்டரை, மூன்றடி இடைவெளியில் பறித்த சால்களை அறுவடை யந்திரத்தின் பொருட்டு ஐந்தடிக்கு விலக்கிய பிறகு, ரிட்ஜரின் பணி இன்னும் சுலபமாயிற்று; டிராக்டர் சக்கரம் பழைய பார்களை மிதித்துச் சரிக்காமல் நடுவே செல்ல இடம் கிடைத்தது. பயிர் வளர வளரப் பார்களின் மண்ணைச் சரித்துக் கரும்பின் தூருக்கு அணைக்கும்போது பழைய பள்ளம் மேடாகவும், பழைய மேடு பள்ளமாகவும் மாறிவிடுகிறது. மண் கரையிலேயே கிடந்தது வீணாகவில்லை.

குழாய் பதிப்பதில் நிலைமை சற்று வேறு. சொட்டுநீர்ப் பக்கக் குழாய்களை எட்டுப் பத்து அங்குல ஆழத்தில் புதைக்கக் கலப்பைச் சால் தாராளமாகப் போதும். பதித்தபின் சாலுக்கு வெளிப்புறமாக ஒருமுறை ஓட்டினால் மண்ணும் திரும்பி மூடிக்கொள்ளும். ஆனால் பி.வி.சி. பிரதானக் குழாயை அந்த ஆழத்தில் வைப்பவர்கள் தமக்குத் தாமே குழி பறித்துக்கொள்கிறார்கள்: நாலைந்து வருஷம் கழித்துக் குழாய் போன தடம் எவருக்கும் நினைவில்லாத ஒரு நாளில், ஒன்றரையடி இறங்கும் உளிக் கலப்பை அதைக் கிழித்துக்கொண்டு போகும். பிரதானக் குழாய் இரண்டடிக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அதற்குக் கலப்பையால் முதல் ஓரடியைத் திறந்துகொண்டு, எஞ்சியதை ஆட்கள் வெட்டுவது சிக்கனமான நடுவழி. மேல்தட்டு ஏற்கெனவே திறந்துவிடுவதால் கூலி பாதியளவு மிச்சமாகும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் ஈரம் காக்கத் தேங்காய் மட்டைகளைப் புதைக்கும் நீள்பள்ளங்களுக்கும் இந்தக் கூட்டுமுறை பொருந்தும். மரத்திலிருந்து 3 மீட்டராவது விலகி ஓட்ட வேண்டும், இல்லாவிடில் வேரை அறுத்துவிட்டு ஈரத்தைக் காத்த விபரீதமாக முடியும்.

கலப்பை பிறவிப் பயனை அடைவது மழையை மறிக்கும் வேலையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே பள்ளத்தின் சுவர் சற்றுச் சரிந்தால் குற்றமில்லை. அடியில் மேடு பள்ளம் இருந்தால் நல்லதுங்கூட. 1930-களில் அமெரிக்கச் சமவெளிகளைப் புழுதிப் புயல் பாழாக்கியபோது, லிஸ்டர் என்னும் இரட்டை இறக்கைக் கலப்பையால் சமமட்டக் கோட்டில் ஆழச் சால்கள் பறித்து, மழையைத் தேக்கவும் காற்றின் வேகத்தைத் தரையோடு தரையாகத் தடுக்கவும் முற்பட்டார்கள். 1935-இல் ஏற்பட்ட மண் பாதுகாப்பு இலாகா இத்தகைய முறைகளை நாடெங்கும் பரப்பிற்று. சாலின் குறுக்கே இடையிடையே அணைகட்டி நீரை நிறுத்தும் குழிப்படுகைக் கலப்பை அதன் அடுத்த படி. டிராக்டரில் மாட்டி விதைப்பையும் சேர்த்துச் செய்யும் அத்தகைய கருவியைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் மானாவாரி நிலங்களுக்கென்று வகுத்திருக்கிறார்கள். ஹைதராபாதுக்கு அருகே பட்டான்சேருவில் 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் நிலையத்தார் கரிசலுக்கு வேறொரு வழி கண்டார்கள்: ஒரு மீட்டர் அகலப் பாத்தி, அரை மீட்டர் சால் என்று மாறிமாறி, நூற்றுக்கு அரைப் பங்கு அளவான மென்மையான வாட்டத்தில் அமைத்தால், மிகுதி நீர் மண்ணை அரிக்காமல் வடியவும், குறைந்த மழை வேருக்கருகே தங்கவும் முடிகிறது.

இவை எல்லாவற்றினும் துணிச்சலானது இத்தாலிய வேளாண் அறிஞர் வெனான்ஸியோ வல்லெரானி 1980-களின் இறுதியில் உருவாக்கிய டெல்ஃபினோ கலப்பை. சஹாராவின் தென்விளிம்பிலுள்ள புர்கினா ஃபாஸோ, நைஜர் முதலிய நாடுகளில் வெயிலில் ஓடுபோல் இறுகிய தரையில் மழை பெய்தால் அத்தனையும் வழிந்தோடிவிடும். அங்குள்ள குடியானவர்கள் ஸாய் என்ற சிறு குழிகளைக் கையால் வெட்டி, எருவிட்டுச் சோளம் விளைவிக்கும் மரபுடையவர்கள்; புர்கினாவின் யக்கூபா ஸவடோகோ இதைச் சீர்ப்படுத்தித் தரிசைக் காடாக்கியதற்காக 2018-இல் சர்வதேச விருது பெற்றார். வல்லெரானியின் கலப்பை இதையே யந்திர வேகத்தில் செய்ய முயன்றது. டிராக்டர் சமமட்டக் கோட்டில் நிற்காமல் ஓட, கலப்பை தானாகவே ஆழ இறங்குவதும் வெளியேறுவதுமாகச் சென்று, சுமார் 4 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அளவு அகலமும் உள்ள தனித்தனிப் பள்ளங்களை விட்டுச் செல்கிறது. ஒவ்வொன்றிலும் அறுநூறு லிட்டர் வரை நீர் தங்கும். புரண்ட மண் சரிவின் கீழ்ப்புறத்தில் கரையாக நிற்கிறது. கலப்பையின் மண் கரையிலேயே கிடக்கும் குறை இங்கே குணமாக மாறிவிடுவதைக் காண்க. ஜோர்டான் நாட்டுப் பாலைப்புல்வெளிகளிலும் இம்முறை கையாளப்பட்டது. ஆயினும் இதை இழுக்க நம் ஊர் டிராக்டரைப் போலப் பல மடங்கு வலிமையுள்ள யந்திரம் வேண்டும். நம்முடைய சிறு நிலங்களில் அது திரும்பவே இடம் போதாது.

வடிகால் விஷயத்தில் அநுபவம் இதற்கு மாறானது. ஸ்காட்லாந்தில் பிகர் என்ற ஊரைச் சேர்ந்த கத்பர்ட்சன் நிறுவனத்தார் 1940-களில் செய்த ராட்சசக் கலப்பைகள், மட்கிய தாவரப் படிவாகிய பீட் சதுப்புகளில் அகன்ற பாளத்தைக் கிழித்துப் புரட்டி, ஒரே ஓட்டத்தில் வடிகாலையும் மரக்கன்று நடும் மேட்டையும் உண்டாக்கின. இவற்றின் வெற்றியைப் பார்த்து, யுத்தத்துக்குப் பிந்திய பல ஆண்டுகள் அரசாங்க மானியத்தோடு பிரிட்டனின் மேட்டு நிலங்கள் முழுவதிலும் அரை மீட்டர் ஆழ வடிகால்கள் கணக்கின்றிப் பறிக்கப்பட்டன. ஆடுகளுக்கும் வேட்டைப் பறவைகளுக்கும் நிலம் காயும் என்பது எண்ணம். சரிவில் நேராக இறங்கிய இடங்களில் நீரின் வேகம் பள்ளத்தை அரித்து அரித்துப் பல அடி ஆழ ஓடைகளாக்கியது. காய்ந்த சதுப்பு மக்கிக் கரைந்து ஆற்று நீரைப் பழுப்பாக்கியது. சில தலைமுறைகளுக்குள், பொதுப் பணத்தைக் கொண்டு பறித்த அதே பள்ளங்களைப் பொதுப் பணத்தைக் கொண்டே அடைத்து வருகிறார்கள். பள்ளம் பறிப்பது இத்தனை மலிவாகிவிட்டதால், பறிக்கலாமா என்று கேட்பதற்கு ஆளில்லாமற்போனது இதன் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

திறந்த வடிகாலே இல்லாமல் வடிக்கும் வழியும் உண்டு. எலிக்கலப்பை என்று நாம் பெயரிடத்தக்க மோல் கலப்பை, கத்திபோன்ற தண்டின் அடியிலுள்ள எஃகு உருளையைக் களிமண்ணில் ஏறக்குறைய அரை மீட்டர் ஆழத்தில் இழுத்துச் சென்று, மேற்பரப்பில் பள்ளம் விடாமலே சுரங்கவழி அமைக்கிறது. 1850-களில் ஜான் ஃபௌலர் இதை நீராவி யந்திரத்தால் இழுக்கச் செய்தார்; இன்று போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிலையத்தார் மத்தியப் பிரதேசக் கரிசலில் சோயா வயல்களுக்கு இதனைச் சோதித்திருக்கிறார்கள். மண்ணில் போதிய களி இருக்க வேண்டும் என்பது இதன் முக்கிய நிபந்தனை; களி குறைந்த மண்ணில் சுரங்கம் இடிந்துவிடும்.

மண்ணை முற்றிலும் அகற்ற வேண்டியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் சரித்திரம் விடை சொல்கிறது. 1883-இல் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஜேம்ஸ் போர்ட்டியஸ் காப்புரிமை பெற்ற வாரித் தகடு, கலப்பை தளர்த்திக் கொடுத்த மண்ணை வாரிச் சென்று வேண்டிய இடத்தில் கொட்டிற்று. அம்மாநிலத்துப் பாசனக் கால்வாய்கள் பலவும் கலப்பை முன்னும் வாரி பின்னுமாக வெட்டப்பட்டவையே. டிராக்டரில் லெவலர் பிளேடு வைத்திருப்பவர் அதே ஜோடியை இன்றும் அமைத்துக்கொள்ளலாம்.

வேலையை நேரில் கவனித்தால், நல்ல ஓட்டுநருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் சாலில் தெரிந்துவிடும். முதல் ஓட்டத்தில் நான்கு சக்கரமும் மேட்டில் நிற்பதால் கலப்பை நேராக நிற்கிறது. திரும்பி வரும்போது ஒருபுறச் சக்கரம் சாலுக்குள் இறங்கினால் டிராக்டரே சாய்கிறது, கலப்பையும் சாய்ந்து பள்ளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாக அரிகிறது. கைதேர்ந்தவர் இறங்கி, வலப்புறத் தூக்கு தண்டின் கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றி, சற்று விலகி நின்று ஒற்றைக் கண்ணால் கலப்பையின் சட்டத்தைத் தரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏறுகிறார். மற்றவர், “எடை பத்தலைண்ணே, யாராச்சும் ஏறி நில்லுங்க” என்று வயல்காரரைக் கலப்பையின் மேல் நிற்கச் சொல்கிறார். இந்த இரண்டாவது வழக்கத்தை என்ன சொல்லியும் மன்னிக்க முடியாது. கலப்பை துள்ளும் ஒரு கணத்தில் காலே போய்விடும். கலப்பை இறங்காததற்குக் காரணம் பெரும்பாலும் எடையின் குறைவாக இருப்பதில்லை. கொழுவின் தேய்வும், டாப் லிங்க் என்னும் மேலிணைப்புத் தண்டு நீண்டிருப்பதும், நிலத்தின் காய்ச்சலுமே காரணம். டாப் லிங்கைச் சில மறை குறைத்தால் கொழுமுனை தாழ்ந்து தானாக இறங்கும். உழவுப் பதத்துக்காக ஒரு மழையோ ஒரு தண்ணீரோ காத்திருந்தால் இன்னும் சுலபம். மண்ணைப் பிடித்து உருட்டினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதற்குமேல் ஈரமிருந்தால் களிமண்ணில் பள்ளத்தின் சுவர் மெழுகினாற்போல் அடைபட்டு, வேரும் நீரும் பக்கவாட்டில் நுழைய முடியாமற்போகும். கொங்குச் செம்மண்ணின் அடியில் சுக்கான் பாறை தலைகாட்டும் இடங்களில் எந்தப் பதமும் உதவாது. அங்கே முதலில் உளிக் கலப்பை, பிறகுதான் மற்றவை.

வேளாண்மைப் பொறியியல் துறையிலிருந்து வாடகைக்கு வரும் டிராக்டரானாலும் தனியாருடையதானாலும், மணிக்கணக்கில் பேசுபவர்கள் ஒரு சங்கதியை மறந்துவிடக்கூடாது. கலப்பை தரையில் பட்டவுடன் முழு ஆழத்துக்குப் போய்விடுவதில்லை; சில அடி தூரம் ஓடிய பின்னரே அது தன் ஆழத்தைப் பிடிக்கிறது; எதிர்முனையில் வேலியோ கிணறோ குறுக்கிடுமுன் சில அடி முன்னதாகவே தூக்கியும் ஆக வேண்டும். ஆகையால் ஒவ்வொரு பள்ளத்தின் இரு கோடியிலும் ஆழமில்லாத ஒரு சரிவு மிஞ்சும். நூறு சால் ஓடும் கரும்புத் தோட்டத்தில் அது இருநூறு முனைகள். தலைவாய்க்காலோடு சால்கள் சேர வேண்டியதும் அங்கேதான். டிராக்டர் போன பிறகு இரண்டு ஆட்கள் மண்வெட்டியோடு அரைநாள் நின்று அவற்றை வெட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தக் கூலியையும் கூட்டித்தான் செலவுக் கணக்கு எழுத வேண்டும்.